நாற்பது நிமிடம்

அனுஜன் ஜெர்மனியின் கீல் நகரில் பிறந்தவன். அவன் பெற்றோர் மன்னாரிலிருந்து அகதிகளாக வந்தவர்கள். உலோக வேலையில் ஆவுஸ்பில்டுங் என்னும் தொழிற்பயிற்சி முடித்து, பிறகு சுழியோடியானான். துறைமுகத்தில் நிற்கும் சரக்குக் கப்பல்களின் அடியில் இறங்கி, அங்கே ஒட்டி வளர்ந்த பாசியையும் சிப்பிகளையும் சுழலும் தூரிகை இயந்திரத்தால் தேய்த்து எடுப்பது அவன் வேலை. அடி சுத்தமானால் கப்பலுக்கு எரிபொருள் குறையும், புகையும் குறையும். ஆகவே கடலுக்கு நல்லதுதான் செய்கிறோம் என்று ஆறு வருடமாக நம்பியிருந்தான்.

ஆனால் சில கப்பல்களின் பூச்சில், எதுவும் ஒட்டாதிருக்கச் செம்பு கலந்திருக்கும். தேய்த்தால் அது கரைந்து சுற்றியுள்ள உயிர்களைக் கொல்லும். அப்படிப்பட்ட கப்பல்களைத் தண்ணீருக்குள் தேய்க்க அங்கே அனுமதி இல்லை.

சென்ற ஏப்ரலில் ஒரு கப்பல் வந்தது. செம்பில்லாத கடினப் பூச்சு என்று அதன் காகிதம் சொன்னது. அனுஜன் இறங்கித் தேய்த்துக்கொண்டிருந்தான். கழிவை உறிஞ்சும் குழாயையும் மீறி, தூரிகையைச் சுற்றிச் சிவப்பு நிறம் புகைபோலப் பரவியது. கையுறையால் தடவிப் பார்த்தான். பூச்சு கையோடு வந்தது.

மேலே பொறுப்பாக நின்ற ஊவேயை தலைக்கவசத்துப் பேச்சு வயர்வழி அழைத்தான். "இது கடினப் பூச்சு இல்லை. நான் நிறுத்துகிறேன்."

"காகிதம் சரியாக இருக்கிறதே. இன்னும் முக்கால்வாசி கிடக்கிறது."

"என் கண்ணுக்கு முன்னால் தண்ணீர் சிவந்து நிற்கிறது, ஊவே."

ஒரு போத்தலில் அந்தத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தான். ஊவே வேறு வழியின்றி நீர்வள அலுவலகத்துக்குத் தகவல் சொன்னார். பத்து நிமிடம் மட்டுமே தேய்த்ததாக அறிக்கையில் எழுதினார். கப்பல் முக்கால்வாசி அழுக்கோடு புறப்பட்டது. தண்ணீரில் செம்பு இருந்தது பரிசோதனையில் உறுதியானது. கப்பல்காரர் கொடுத்தது பழைய பூச்சின் காகிதம்.

அதன் பிறகு இரண்டு வாரம் நிறுவனம் அவனை வேலைக்குக் கூப்பிடவில்லை. மனைவி கம்சனா அவன் முகத்தைக் கவனித்துக்கொண்டே இருந்தாள்.

"வேலை போயிடுமெண்டு யோசிக்கிறீங்களோ?"

"அதில்லை. நான் நாப்பது நிமிசம் தேய்ச்சனான், கம்சனா. தொடக்கத்திலேயே சிவப்புத் தெரிஞ்சது. துருவாக்கும் எண்டு விட்டிட்டன்."

"அறிக்கையில பத்து நிமிசமெண்டெல்லே இருக்கு?"

"ஓம்."

"அப்ப போய் உள்ளதைச் சொல்லுங்கோ. இதை வைச்சுக்கொண்டு உங்களால நித்திரை கொள்ள ஏலாது."

மறுநாளே நீர்வள அலுவலகத்துக்குப் போய்ச் சொன்னான். அங்கிருந்த பெண் அதிகாரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, "அந்த இடம் உங்களுக்குத்தான் தெரியும். சிப்பிகளை எடுத்துத் தர முடியுமா?" என்று கேட்டார்.

அலுவலகத்தாரோடு போய் இறங்கினான். கப்பல் நின்ற இடத்துத் தூண்களில் பல சிப்பிகள் வாய் திறந்து வெறுமையாக இருந்தன. விரல் பட்டதும் மூடிக்கொண்டவை கொஞ்சம்தான். அவன் மேலே கொண்டுவந்ததைப் பார்த்து, எல்லாம் ஒரே நாளில் நடந்ததல்ல, பல வருடத்துச் செம்பும் சேர்ந்திருக்கலாம் என்றார் அதிகாரி. அந்த வருடங்களில் தான் தேய்த்த ஆறு வருடமும் உண்டு என்று அவன் நினைத்துக்கொண்டான்.

நிறுவனத்துக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அவனைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டார்கள், ஆனால் ஊவே முகம் கொடுத்துப் பேசவில்லை. இனித் தேய்ப்பதற்கு முன் ஐந்து இடங்களில் வெள்ளைத் துணியால் துடைத்து, நிறம் ஒட்டுகிறதா என்று பார்க்க வேண்டுமென்று அனுஜன் கேட்டான். மறுப்பும் வரவில்லை, சம்மதமும் வரவில்லை. துணியைத் தானே கொண்டுபோனான்.

ஆகஸ்டில் ஒரு காலை, இறங்கத் தயாராகிக்கொண்டிருந்தபோது ஊவே ஒரு பையை நீட்டினார். பழைய படுக்கை விரிப்பொன்றைச் சதுரம் சதுரமாக வெட்டிக் கொண்டுவந்திருந்தார்.

"இவ்வளவு போதுமா?" என்றார்.

"இன்றைக்குப் போதும்," என்று சொல்லி, அனுஜன் ஐந்தை எண்ணி எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினான்.