வடை வாசம் வரும் இரும்புப் பட்டறை

2003 நவம்பர். போர்நிறுத்தம் நீடித்துக்கொண்டிருந்ததால் பயணம் போகக் கொஞ்சம் தைரியம் வந்திருந்த காலம். கம்பளையில் எனக்கொரு சின்னப் பட்டறை இருக்கிறது. அதன் பின்பக்கம் கறுத்த எண்ணெய்ப் பீப்பாய்கள், எங்கே ஊற்றுவதென்று தெரியாமல் கிடந்தன. பழுக்கக் காய்ச்சிய இரும்பை எண்ணெயில் தோய்த்தால்தான் கடினமாகும். எங்களுக்கு மலிவாகக் கிடைப்பது லொறிகளில் கழித்த என்ஜின் ஒயில். பலாபத்வலையில் ஒருவர் தேங்காய் எண்ணெயில் தோய்க்கிறாராம் என்று கேள்விப்பட்டதும் கிளம்பிவிட்டேன்.

கண்டியில் பகல் ஒரு மணிக்குத் தம்புள்ளை பஸ். மாத்தளை வரை 26 கி.மீ., அங்கிருந்து இன்னும் ஏழெட்டு. மழையில் ஜன்னலெல்லாம் ஆவி படிந்து, பச்சை நிறம் ஒன்றுதான் கூடவே ஓடி வந்தது. தூங்கினேனா விழித்திருந்தேனா, தெரியாது. அலுவிகாரைக்கு அருகே ஒரு சிப்பாய் ஏறி அடையாள அட்டை கேட்டபோது, எந்த ஊரில் இருக்கிறேன் என்பதே ஒரு நிமிடம் பிடிபடவில்லை.

பலாபத்வலையில் இறங்கினால் நல்ல பசி. ஒழுங்கைக்குள் வடை பொரிக்கும் வாசம் வேறு மிதந்து வந்தது. கடையைத் தேடி அந்த வாசத்தின் பின்னாலேயே நடந்தேன். போய் நின்றது உலைக்களத்தில்.

"கடையா தேடினீங்க? எல்லாரும் அப்படித்தான் வந்து ஏமாறுறாங்க," என்று சிரித்தார் பட்டறைக்காரர் நிஸ்தார் நானா. "நோன்பு மாசத்தில இந்த வாசத்தோட வேலை செஞ்சு பாருங்க, அப்ப தெரியும்."

தேயிலைச் செடிகளை வெட்டிக் கவ்வாத்து பண்ணும் கத்திகளைச் செய்துகொண்டிருந்தார். சிவந்த கத்தி எண்ணெய்க்குள் இறங்கியதும் வெள்ளைப் புகை எழுந்து, பட்டறை முழுவதும் பண்டிகை வீட்டு அடுக்களையாகிவிட்டது. அரத்தால் விளிம்பைத் தேய்த்துக் காட்டினார். அரம் வழுக்கியது. கத்தி தேறிவிட்டது என்று அர்த்தம். மிஞ்சும் எண்ணெயைத் துணியில் வடிகட்டித் திரும்பவும் எடுக்கிறார். வெளியே ஒரு சொட்டும் போவதில்லை.

"நீங்களும் என்ஜின் ஒயில்தானே பாவிச்சீங்க, எப்படி மனசு மாறினீங்க நானா?"

பதிலுக்குப் பின்பக்க வேலியைக் காட்டினார். அந்தப் பக்கம் அடுத்த வீட்டு சுமனா அக்காவின் கிணறு. பழைய ஒயில் மழையில் வழிந்து அதற்குள் இறங்கிவிட்டதாம். "சண்டைக்கு வந்திருந்தா பரவாயில்ல. அவங்க ஒண்ணுமே சொல்லல. ஊர்க் குழாயில தண்ணி புடிச்சிக்கிட்டு எங்க வாசலாலயே போவாங்க. வருசா வருசம் நோன்புக் கஞ்சி அனுப்புவோம். இப்ப அனுப்பவே வெக்கமா இருக்கு."

தைப் பொங்கலோடு பழைய ஒயிலை நிறுத்தியவர், அன்றிலிருந்து அந்தக் கிணறு தெளியக் காத்திருக்கிறார். தினமும் மாலையில் அக்கா ஒரு வாளி இறைத்து, முகர்ந்து பார்த்து, சீமெந்துத் தரையில் கொட்டிவிட்டுப் போவாராம். செடிக்குக் கூட ஊற்றுவதில்லை.

ஆறு மணிக்குச் சற்று முன் பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. நோன்பு திறக்கும் நேரம் என்று எனக்கும் ஒரு பேரீச்சம்பழம் தந்தார். அவருடையது கையிலேயே இருந்தது. நாள் முழுக்க வெறும் வயிறு. ஆனால் கண் வேலிக்கு அப்பால். சுமனா அக்கா வாளியைத் தூக்கினார், முகர்ந்தார். கொஞ்சம் நின்றார். பிறகு நாலடி நடந்து மிளகுக் கொடியின் அடியில் மெதுவாக ஊற்றினார்.

அதன் பிறகுதான் நானா பழத்தை வாயில் வைத்தார்.

போக நினைப்பவர்களுக்கு: மாலை நாலு மணிக்கு முன் போய்விடுங்கள், அதற்குப் பிறகு உலையை அணைத்துவிடுவார். அடையாள அட்டை சட்டைப் பையிலேயே இருக்கட்டும். குடிதண்ணீரைக் கையோடு கொண்டு போங்கள். அந்தக் கிணறு இப்போதைக்கு மிளகுக் கொடிக்கு மட்டும்தான்.