வேலிக் கம்பியில் பூனைப்பருந்து

யார்க்‌ஷயர் மேட்டுநிலத்தில் என் அப்பா சேத் இருபத்தாறு வருடம் வேட்டைக்காடு காத்தார். எஸ்டேட் துரை வேட்டையாடுவதற்கென்றே விட்டிருந்த கிரவுஸ் என்ற காட்டுக்கோழிகளைத் தின்ன வரும் எதையும் கொல்வதுதான் வேலை. கொன்றதை எங்கள் வீட்டு வேலிக் கம்பியில் வரிசையாகத் தொங்கவிடுவார். காவல்காரன் சும்மா இருக்கவில்லை என்று துரை வண்டியில் போகும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். தொங்கும் மரநாய், காகம், நரி எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், வெர்மின், ஒழித்துக்கட்ட வேண்டிய ஜந்து.

ஆறு வருடம் நாடு நாடாகச் சுற்றிவிட்டு நான் திரும்பிய ஆகஸ்டில், கம்பியில் ஒரு பூனைப்பருந்து தொங்கியது.

"அப்பா, இதைக் கொல்றது சட்டப்படி குத்தம்."

"எங்களுக்கு இது வெர்மின். 'அந்தப் பருந்து இன்னும் பறக்குதே சேத்'னு துரையே கேட்டாரு."

"வெர்மின்னா லத்தீன்ல புழு. மொதல்ல புழு பூச்சியத்தான் அப்படிச் சொன்னாங்க. அப்புறம் பிரபுக்களோட கோழியத் தின்ன எல்லாத்தையும் அதுல சேத்துட்டாங்க."

அப்பா அண்ணாந்து பார்த்தார். "புழுவுக்கு மூணடி றெக்க. இதக் கத்துக்கத்தான் ஆறு வருசம் சுத்துனியா?"

"எறக்கிடுங்கப்பா."

"சனிக்கிழமை துரை பாக்கட்டும். எறக்கிடறேன்."

சனிக்கிழமை துரையோடு விருந்தாளிகளும் வந்தார்கள். அதில் ஒருத்தி செல்போனில் படம் எடுத்தாள். அந்தப் படத்தைப் பார்த்துப் புதன்கிழமை போலீஸ் வருவதற்குள் எஸ்டேட் மேனேஜர் வந்துவிட்டார்.

"உன் இஷ்டத்துக்குச் செஞ்சேன்னு சொல்லிடு சேத். அபராதத்த துரை பாத்துப்பாரு. வீடு எங்கயும் போகாது."

வீடு வேலையோடு வந்தது. வேலை போனால் வீடும் போகும். அப்பா அப்படியே சொன்னார், கோர்ட்டில் சத்தியம் செய்தும் சொன்னார். இப்படிப்பட்டவரை வேலைக்கு வைத்துக்கொள்வது தன் வழக்கமில்லை என்று துரை கோர்ட்டுக்கு எழுதிக் கொடுத்திருந்தார். அபராதத்தை எஸ்டேட்டில் கட்டினார்கள். மறு வாரமே, நான்கு வாரத்தில் வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது.

"இப்பவாவது உண்மையச் சொல்லுங்கப்பா."

"சத்தியம் பண்ணி பொய் சொன்னவன யாரு நம்புவா?"

காலி செய்த அன்று, புதுக் காவல்காரன் கிளெக் சாவிக்காக வாசலில் நின்றான். கம்பியில் இருந்ததையெல்லாம் அப்பா முந்தின நாளே புதைத்துவிட்டிருந்தார். எங்கள் வேன் கேட்டைத் தாண்டும்போது கிளெக் ஒரு காகத்தைக் கம்பியில் மாட்டிக்கொண்டிருந்தான்.

அப்பா வேனை நிறுத்தி இறங்கினார். இப்போதாவது வாயைத் திறப்பார் என்று நினைத்தேன்.

"கால்ல கட்டாத தம்பி, காத்துல விழுந்துரும். கழுத்துல கட்டு. ரோட்டுப் பக்கமா திருப்பி வை, துரைக்குத் தெரியணும்."