அண்ணன் பேரில் போட்ட வேலைகள்

கம்ப்யூட்டர் வந்த அன்று அதற்கு மாலை போடாத குறைதான். கோலாலம்பூர் தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் கழுத்துப்பட்டையோடு வந்து, ஸ்டேடியத்தின் பராமரிப்பு வேலை முழுவதையும் இனி இதுவே பார்த்துக்கொள்ளும் என்றார்கள். பார்த்துக்கொண்டது. நன்றாகவே பார்த்துக்கொண்டது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

தொண்ணூறுகளின் பிற்பாதி அது. மலாக்காவில் அந்தப் பெரிய ஸ்டேடியத்தின் பராமரிப்புப் பிரிவில் நான் கிராணி, கணக்கு எழுதும் குமாஸ்தா. டுரியான் துங்கால் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் பிறந்து, ஐந்தாம் பாரம் முடித்து, தெங்கேராவில் ஒரு கடையின் மாடியில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனவள். அந்த மென்பொருளை ஓட்டத் தெரிந்தவள் அங்கே நான் ஒருத்திதான். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் இருந்தது.

எது பழுதானாலும் அதில் பதிய வேண்டும். பதிந்ததும் ஒரு வேலைத்தாள் அச்சாகி வரும். வேலையை முடித்தவர் தன் பெயரைத் தாளில் எழுதிக் கொண்டுவந்தால் நான் ‘முடிந்தது’ என்று தட்டுவேன். மாதக் கடைசியில் யார் எத்தனை வேலை முடித்தார்கள் என்று அதுவே கூட்டி கே.எல். தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிவிடும். மைதானத்தில் ஒரு விளக்கை மாற்றினாலும் ஒரு வேலை. பார்வையாளர் படிக்கட்டுக்கு அடியில் அடைத்துக்கொண்ட கழிவுநீர்க் குழாயில் காலையிலிருந்து மாலைவரை முட்டி போட்டுக் கிடந்தாலும் ஒரு வேலை. அந்த மண்ணாங்கட்டிக்கு அவ்வளவுதான் கணக்குத் தெரியும்.

குழாய் வேலை பார்த்தவர் ஐம்பது தாண்டியவர். வேலை பார்த்த எஸ்டேட்டைக் கட்டடம் கட்ட விற்றபோது வெளியே வந்தவர். எல்லோரும் அவரை அண்ணன் என்போம். முட்டி தேய்ந்து படிக்கட்டை ஒருக்களித்து இறங்குவார். அண்ணிக்குச் சர்க்கரை முற்றி ஒரு காலை எடுத்திருந்தார்கள். அவருக்கு மருந்து, மருத்துவர், எல்லாம் அண்ணனின் கம்பெனி கார்டில்தான். அறிக்கையில் அண்ணன் பெயர் மாதா மாதம் கடைசியில் நின்றது. ரிங்கிட்டின் மதிப்பு விழுந்த நேரம். ஆள் குறைக்கப் போகிறார்கள், கடைசியில் நிற்பவருக்கு ஒப்பந்தம் புதுப்பிக்க மாட்டார்கள் என்று பேச்சு வந்தது. யாரைச் சொல்கிறார்கள் என்று எங்களுக்குப் புரிந்தது. அண்ணனுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

மின்சாரம், ஏர்கண்டிஷன், கதவு பூட்டு என்று மற்ற வேலைகளைப் பார்த்த மூன்று பேரும் எங்கள் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகள், என்னைவிட இளையவர்கள். தோட்டத்தில் ஒருவருக்கு உடம்பு முடியாமல் வெட்டிய ரப்பர்ப் பால் குறைந்தால், எடை போடப் போகும் முன் அடுத்தவர்கள் தங்கள் வாளியிலிருந்து கொஞ்சம் அவர் வாளியில் ஊற்றுவார்கள். யாரும் யாருக்கும் நன்றி சொல்லிப் பார்த்ததில்லை. அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் வேறென்ன செய்வார்கள்? மின்சாரக்காரன்தான் முதலில் வந்தான். அவன் முடித்த வேலையின் தாளில் அண்ணன் பெயர் எழுதியிருந்தது.

“அக்கா, இத அண்ணன் பேர்ல போட்டுருங்கலா.”

போட்டேன். மறுநாள் அடுத்தவன் வந்தான். அதற்கடுத்து மூன்றாமவன். ஒருவன் கொடுப்பது மற்றவனுக்குத் தெரியாது. ஆளாளுக்கு அள்ளி அள்ளிக் கொடுத்தார்கள்.

“டேய், போதும்லா. உங்களுக்குன்னு கொஞ்சம் வச்சுக்கங்க” என்றேன்.

“நாங்க சின்னவங்கக்கா, அடுத்த மாசம் புடிச்சுக்குவோம். இந்தத் தடவ அண்ணன் தப்பிக்கட்டும்.”

அடுத்த மாதம் அவர்களுக்கு வரவே இல்லை.

மேனேஜர் யாழ்ப்பாணத்துக் குடும்பத்துக்காரர். அவரைக் கெட்ட மனிதர் என்று திட்டிவிட்டால் எனக்கு வசதியாக இருக்கும், ஆனால் அப்படி இல்லை. அறிக்கையை என் மேசையில் வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“நான் என்ன செய்யிறது பிள்ளை? ஒராளே இவ்வளவு வேலை செய்யிறார் எண்டா மற்ற மூண்டு பேரும் எதுக்கு எண்டு கே.எல்.லில கேக்கினம்.”

மூன்று பேருக்கும் கடிதம் கொடுத்தாயிற்று. அண்ணனுக்கு ஒப்பந்தம் புதுப்பித்தாயிற்று, அந்த மூவரின் வேலையும் சேர்த்து. மூவரும் வாயைத் திறக்கவில்லை. உண்மையைச் சொன்னால் அண்ணன் போய்விடுவார் என்று பேசாமல் சாமான்களைப் பெட்டியில் போட்டார்கள். மூன்று பேர் வீட்டிலும் சின்னப் பிள்ளைகள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அண்ணனைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். சோற்றுப் பொட்டலத்தை மடித்து வைத்துவிட்டார்.

“என்னய ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லம்மா?” என்றார்.

அன்றே மேனேஜர் அறைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

“சார், அதெல்லாம் அந்தப் பையனுங்க செஞ்ச வேல. நாந்தான் அவங்க தாள எடுத்து எம் பேர எழுதி வச்சேன். அவங்களுக்கு ஒன்னும் தெரியாது. அவங்கள எடுத்துக்குங்க.”

“பொய் சார்” என்றேன். “நான்தான் தட்டினேன். எனக்கு எல்லாம் தெரியும்.”

அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. மேனேஜர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குக் கண்டிப்பாக உண்மை புரிந்திருக்கும்.

“தாளில இருக்கிறதைத் தட்டுறதுதானே உம்மட வேலை? உம்மையும் அனுப்பினா ஆர் இதை ஓட்டுறது? போம் பிள்ளை, போய் இரும்.”

பொய்க் கணக்கு எழுதினார் என்று அண்ணனை நிறுத்தினார்கள். மூவரையும் திரும்ப எடுப்பதைப் பற்றி கே.எல்.லில் ஒரு பேச்சும் இல்லை. வெளியிலிருந்து கான்ட்ராக்ட் ஆட்கள் வந்தார்கள். மின்சாரக்காரன் ஜோகூருக்குப் போனான். மற்ற இருவரும் கிடைத்த கூலிக்குப் போனார்கள். நான் மறுநாளும் போய் அதே நாற்காலியில் உட்கார்ந்து அதே சனியனை முடுக்கினேன். எனக்கும் குடும்பம் இருந்தது, வேறு வழி தெரியவில்லை.

சில வாரம் கழித்துச் செங் என்ற இடத்தில் இருந்த அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணன் வேலை தேடிப் போயிருந்தார். அண்ணி சக்கர நாற்காலியை வாசல்வரை தள்ளிக்கொண்டு வந்தார். புண்பட்ட காலை மூடியிருந்த துணி ஈரமாக இருந்தது. கிளினிக்குக்குப் போய் நாளாயிற்றாம்.

“அவரு ஒன்னும் சொல்ல மாட்டேங்குறாரும்மா. கணக்குல பொய் எழுதிட்டாராம், அக்கம்பக்கத்துல பேசுறாங்க. நெசமா?”

ஒன்று விடாமல் சொன்னேன். அண்ணி அழவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். முகத்தில் ஒரு தெளிவுகூட வந்தது.

“அப்படின்னா செஞ்சது சரிதாம்மா” என்றார். “அந்த மூனு பிள்ளைங்களுக்கும் வேல திரும்பக் கெடச்சிருச்சுல்ல?”

இல்லை அண்ணி என்றேன்.