பங்கருக்குள் என் வீட்டுக்காரர்

அந்தச் சொல்லை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தவன் என் தம்பி. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவன். தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு நெய்துகொண்டிருந்த என் வீட்டுக்காரரைப் பார்த்து, "இன்னா மாமா, பங்கர்ல உக்காந்துகினு கீறீங்க?" என்றான். பதுங்குகுழியைத்தான் அவர்கள் அப்படிச் சொல்வார்களாம். குண்டு விழும்போது உள்ளே இறங்கிக்கொள்ள வேண்டியது, ஓய்ந்த பிறகு தலையை நீட்ட வேண்டியது.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. என் வீட்டுக்காரரைப் பற்றி அவ்வளவு சரியாக யாரும் சொன்னதில்லை. சண்டைக்கு நான் வாயைத் திறப்பதற்குள் அவர் குழியில் இறங்கிவிடுவார். தறியில் உட்கார்ந்தவரைப் பாதியில் எழுப்பக் கூடாது என்பது எங்கள் வழக்கம். கை நின்ற இடத்தில் சேலையில் கோடு விழுந்துவிடும் என்பார்கள். விருந்தாளியே வந்தாலும் காத்திருக்க வேண்டியதுதான்.

அதற்குப் பிறகு வீட்டில் ஆளுக்கொரு பங்கர் வந்துவிட்டது. மகளுக்கு ஹெட்போன். தம்பி வந்தால் அவனுக்குச் செய்தித்தாள். எனக்குச் சமையலறை, வேண்டாத ஆள் வந்தால் மிக்சியை ஓடவிட்டு நின்றுகொள்வேன். பக்கத்து வீட்டுக்காரி புருஷனைத் தேடி வந்தால், "டீக்கடை பங்கர்ல பாருங்கத்தே" என்பாள் என் மகள்.

இந்த வருஷம் அந்தச் சொல்லே எனக்கு எரிச்சலாகிவிட்டது. அவர் கண்ணில் புரை விழுந்திருந்தது. தள்ளிப்போடாமல் ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள் என்று வேலூர் டாக்டர் சொல்லிவிட்டார். இவரோ, கோளாறு கண்ணில் இல்லை, ட்யூப்லைட்டில்தான் என்று புது லைட் வாங்கி மாட்டினார். அதற்கப்புறமும் அறுந்த இழையை விரலால் தடவித்தான் தேடினார். நான் பேச்சை எடுத்தால் போதும், குழிக்குள் போய்விடுவார்.

நானும் லேசுப்பட்டவள் இல்லை. அமாவாசைக்காகக் காத்திருந்தேன். ஆரணியில் எங்களைப் போன்ற நெசவாளர் வீடுகளில் அன்றைக்குத் தறியைத் தொட மாட்டோம். தம்பியையும் வரச் சொல்லியிருந்தேன். இன்று எங்கே போய்ப் பதுங்குகிறார், பார்த்துவிடலாம்.

குளித்துவிட்டு வந்து பார்த்தால், மனிதர் குழிக்குள்தான் இருந்தார். இழை ஓட்டும் நாடாவைத் தொடவில்லை, மிதிகட்டையில் கால் வைக்கவில்லை. இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். சேர்த்து வைத்திருந்த கோபமெல்லாம் எனக்கு எங்கே போனதென்றே தெரியவில்லை.

"இன்னாங்க, இன்னிக்குமா?"

"பயமா இருக்குதுடி. ஆபரேஷன்ல இருக்கற பார்வையும் போயிட்சின்னா நான் இன்னா பண்ணுவேன்?"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் பயம் என்ற வார்த்தையை அவர் வாயில் நான் கேட்டதில்லை.

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த தம்பிக்கும் அது கேட்டுவிட்டது. கிண்டல் செய்யப்போகிறான் என்று நினைத்தேன். அவன் வந்து குழி ஓரமாகத் தரையில் உட்கார்ந்தான்.

"எனக்கும் பயமாத்தான் இருக்கும் மாமா. குண்டு விழற சத்தம் கேட்டா பக்கத்துல இருக்கறவன் கையைப் புடிச்சிக்குவேன். யாரு இன்னான்னு கூடப் பாக்க மாட்டேன்."

பனியைப் பற்றியும் காய்ந்த சப்பாத்தியைப் பற்றியும் கதை கதையாகச் சொல்லியிருக்கிறான். இதைச் சொன்னதே இல்லை.

நான் குழிக்குள் இறங்கினேன். பலகையில் அவரை ஒட்டி உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஆபரேஷன் ரூமுக்குள்ள உன்ன வுடுவாங்களா?" என்றார்.

"வுட மாட்டாங்க. கதவாண்டியே நிப்பேன்."

"எங்கியும் போயிட மாட்டியே?"

"நான் எங்கங்க போவப் போறேன்?"

எப்போதும் தானே கையூன்றி ஏறிவிடுகிறவர், அன்றைக்கு மேலே இருந்த தம்பியிடம் ஒரு கையை நீட்டினார். இன்னொரு கையை என்னிடமிருந்து எடுக்கவில்லை.