சுன்புலா: பதுளையில் ஒரு சொல் பட்ட பாடு

அநியாயம் செய்யப்பட்டவள் பெயர் பரீதா. பதுளைக் கடைவீதி அரிசிக்கடை முதலாளியின் மகள். 'சுன்புலா' என்ற அரபுச் சொல்லைப் பற்றி அவள் எழுதிய பேச்சு, பாடசாலைப் பரிசளிப்பு விழாவுக்குத் தெரிவானது. விழாக் குழு பேச்சை எடுத்துக்கொண்டது, பிள்ளையை விட்டுவிட்டது. பெரிய பிள்ளையாகிவிட்டாளாம், மேடை ஏறக்கூடாதாம். ஆண்கள் பாடசாலைப் பையன் ஒருவன் அதை வாசிப்பானாம். குழுவின் தலைவர் வேறு யாருமல்ல, அவளுடைய வாப்பாவேதான்.

பேராதனையில் அரபு படித்துவிட்டு, பிறந்த ஊரிலேயே தற்காலிக ஆசிரியையாக வந்தவள் நான். பிள்ளைகளுக்குக் கற்பிப்பது இந்தத் தொழிலில் பாதிதான். மீதிப் பாதி பெரியவர்களோடு மல்லுக்கட்டுவது. கரும்பலகைக்கு முன்னால் நின்று தொண்டை கட்டிப்போன ஆசிரியர்களான உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கதிர் பார்க்காத வகுப்பு

சுன்புலா என்றால் தானியக் கதிர், பன்மையில் சனாபில். சொல்லி முடிப்பதற்குள் பின் வரிசையில் ஒருத்தி, கதிர் எப்படி இருக்கும் என்று கேட்டாள். எந்த ஜன்னலைத் திறந்தாலும் தேயிலை தெரிகிற ஊர். அரிசி கடை மூட்டையில் முளைக்கிறது என்று நம்புகிறவர்களிடம் வேர்ச்சொல்லை எங்கே கொண்டுபோய் நடுவது?

பாடசாலை வாசலில் கீரை விற்க வரும் மாரியாயியிடம் கேட்டேன். பூனாகலைத் தேயிலைத் தோட்டத்துக்காரி. மறு சந்தை நாளில் ஒரு கட்டு குரக்கன் கதிரோடு, அதாவது கேழ்வரகுக் கதிரோடு வந்து, வகுப்பு முழுக்க அவளே கொடுத்துக்கொண்டு போனாள். குரக்கனைச் சுன்புலா என்று சொல்லலாமா என்று எனக்கே சந்தேகம்தான். அன்றைக்குக் கிடைத்த கதிர் அது. பிள்ளைகள் கதிரைத் தொட்டுத் தொட்டு அரபியில் கத்துவதைக் கேட்டுவிட்டு மாரியாயி சொன்னாள்: "இதுக்குப் போயி அரபு வேணுங்களா டீச்சரம்மா? எங்க லயத்து வீட்டுக்குப் பின்னால வாங்க, தமிழ்லயே காட்டுறேன்."

வேர் பிடித்த சண்டை

சுன்புலாவில் வரும் 'ன்' ஆதியிலேயே இருந்ததா, நடுவில் புகுந்ததா என்பதில் பழைய அகராதிக்காரர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி. நான் இரண்டாவது கட்சி. 'ன்'னை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ச-ப-ல என்ற மூன்றெழுத்து வேர். பயிர் கதிர் விடுவது, வானம் மழையை இறக்குவது, அங்கியைத் தொங்க விடுவது எல்லாம் அந்தக் குடும்பந்தான். எபிரேயத்திலும் அரமேயத்திலும் இதற்குச் சொந்தக்காரச் சொற்கள் இருக்கின்றன என்று நான் சொன்னதும், ஆசிரியர் அறையில் எதிரே உட்கார்ந்திருந்த மௌலவி, கூப்பிடாத விருந்தாளிகளையெல்லாம் ஏன் வீட்டுக்குள் விடுகிறேன் என்று மடக்கினார். விருந்தாளிகள் இல்லை, கூடப் பிறந்தவர்கள் என்றேன். தேநீர் ஆறியது. இரண்டு பேரும் விடவில்லை.

வீட்டுப்பாடக் கொப்பி கொடுக்க வந்த பரீதா வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். தொங்குவதைப் பார்த்துக் கதிருக்குப் பெயர் வைத்தார்களா, கதிரைப் பார்த்துத் தொங்குவதற்குப் பெயர் வைத்தார்களா என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. மௌலவி சந்தோஷமாகத் தேநீரை எடுத்துக்கொண்டார்: "அத்தனை வருஷம் பேராதனையில என்னத்தம்மா படிச்சீங்க?"

மருந்துக் கடையில்

அதே சொல், கடைசி எழுத்து மட்டும் உதிர்ந்து, சுன்புல் என்று ஒரு வாசனை வேருக்கும் பெயர். ரோமம் அடர்ந்து, கதிர் மாதிரியே இருக்குமாம். பரீதாவுக்கு அதைக் காட்டியே ஆக வேண்டும் என்று கடைவீதியில் பிள்ளை என்பவரின் நாட்டு மருந்துக் கடைக்குப் போனேன். நான் வர்ணித்ததைப் பொறுமையாகக் கேட்டவர், ஒரு டப்பாவைத் திறந்து சடாமாஞ்சிலை எடுத்து நீட்டினார். அதேதான். அரபிக்காரர்கள் இதில் கதிரைப் பார்த்ததை அவரிடம் விளக்கினேன், நீளமாகவே.

"அவங்க கதிருன்னாங்க, நாம சடைங்கிறோம். வாங்க வர்றவங்க ரெண்டையும் கேக்குறதில்லம்மா, முடி வளருமான்னுதான் கேக்குறாங்க."

ஒத்திகை

இனி அநியாயத்துக்கு வருகிறேன். குழுவிடம் கேட்டேன், முதலாளியின் கடைக்கே போய்க் கேட்டேன். பேச்சு நன்றாக இருக்கிறது, ஊர் வாய்தான் நன்றாக இல்லை என்றார். இன்றைக்கு மேடை வேண்டாம் என்பவர் நாளைக்குப் பாடசாலையும் வேண்டாம் என்பார். பரீதாவின் தாத்தாவை, எங்கள் பேச்சில் தாத்தா என்றால் அக்காள், அப்படித்தான் நிறுத்தினார்கள். அக்காளுக்கு நடந்தது தனக்கும் நடக்கும் என்று பரீதாவுக்குத் தெரியும். அவள் அழவில்லை. அந்தப் பையனுக்கு உச்சரிப்புத் திருத்திக் கொடுத்தாள். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

ஒத்திகையன்று பெண்கள் திரைக்கு அந்தப் பக்கம், ஆசிரியை என்பதால் நான் இந்தப் பக்கம், முதலாளி முன் வரிசையில். பையன் நன்றாகவே வாசித்தான். வானத்துக் கன்னி ராசிக்கும் அரபியில் சுன்புலா என்று பெயர், மற்றவர்கள் பெண்ணைப் பார்த்த இடத்தில் அரபிகள் அவள் கையிலிருந்த கதிரைப் பார்த்தார்கள் என்ற இடம் வந்தது. நான் எழுந்து, இந்தக் குழுவும் அதையேதான் செய்திருக்கிறது என்றேன். பேச்சை மாற்றத்தான் இருக்கும், முதலாளி பையனிடம் ஒரு கேள்வி கேட்டார். பஞ்சத்துக்குச் சேமிக்கச் சொன்ன யூசுப் நபி, தானியத்தைக் கதிரிலேயே விட்டுவைக்கச் சொன்னது ஏன்?

பையன் தாளைத் திருப்பிப் பார்த்தான். தாளில் அது இல்லை.

திரைக்குப் பின்னாலிருந்து பரீதாவின் குரல் வந்தது: "உமியோட இருந்தா பூச்சி புடிக்காது வாப்பா. குத்தின அரிசியில வண்டு வருதுன்னு நீங்கதானே மாசா மாசம் சாக்கை வெயில்ல கொட்டுறீங்க."

மண்டபமே சிரித்தது. மௌலவி விடாமல் வேரைப் பற்றிக் கேட்டார். பரீதா இரண்டு கட்சியையும் சொல்லி, தான் எந்தக் கட்சி, ஏன் என்றும் சொன்னாள். அது என் கட்சி இல்லை. முதலாளி தொப்பியைக் கழற்றி, தடவி, மறுபடி போட்டுக்கொண்டார்.

ஒரு சொல்லின் வேரைத் தேடிப் பாலைவனம் வரை போய்விடலாம், அதைச் சொல்கிறவளைத் திரைக்கு இந்தப் பக்கம் கொண்டுவருவதுதான் தூரம் என்று நான் அலுத்துக்கொண்ட நேரத்தில், கடைசி வரிசை வரை கணீரென்று கேட்ட அந்தக் குரலுக்கு முன் வரிசையிலிருந்த வாப்பா பதில் சொன்னார்:

"திரைக்குள்ள இருந்து பேசினா எனக்குச் சரியாக் கேக்குதில்ல. மேடைக்கு வா மக."