உப்பு பார்த்த டீச்சர்

என் வீட்டுக்காரர் உஸ்மான் கனிக்கு வாய் என்று ஒன்று இருக்கிறதா என்று எனக்கு நெடுநாள் சந்தேகம். பூந்தமல்லியில் சோபா தைக்கிற கடை வைத்திருக்கிறார். நோன்பு மாதம் வந்தால் மதியமே கடையைப் பூட்டிவிட்டுப் பள்ளிவாசலுக்கு ஓடுவார், கஞ்சி காய்ச்ச. கூலி கிடையாது. அந்த ஒரு மாதத்துக்காகத்தான் மனிதர் மற்ற மாதங்களை ஓட்டுகிறார்.

நோன்போடு உப்பு மட்டும் பார்க்க மாட்டார். நுனி நாக்கில் வைத்துத் துப்பிவிடலாம் என்று பள்ளிவாசல் இமாம் ஹஜ்ரத்தே சொல்லியும் கேட்கிற ஆளா? ஒரு கிண்ணத்தில் கஞ்சியை எடுத்துக்கொண்டு பள்ளிவாசலுக்கு எதிர்வீட்டு சுலோசனா டீச்சரிடம் போய் நிற்பார். இவருக்கு ஐந்தாம் வகுப்பு எடுத்தவர். வகுப்பில் எது உடைந்தாலும் யார் என்று டீச்சர் கேட்க மாட்டாராம். கரும்பலகைப் பக்கம் திரும்பி நிற்பாராம். "நான்தான் டீச்சர்" என்று குரல் வந்ததும், "சரி, உக்காரு" என்பாராம். அவ்வளவுதான், அடி கிடையாது. "பெரியவங்க ஆனப்புறமும் இது ஒண்ணு உங்ககிட்ட இருந்தா எனக்குப் போதும்டா" என்பாராம். இவர் சொல்லிச் சொல்லி எனக்குக் காது புளித்துவிட்டது.

போன நோன்பில் ஒருநாள் இவர் உப்பைப் போட்டுவிட்டுத் தொழப் போனார். அது தெரியாமல், கூடமாட உதவிக்கு நின்ற என் தம்பி அனஸும் ஒரு கை உப்பு அள்ளிப் போட்டுவிட்டான். டீச்சர் வழக்கம்போல வாயில் வைத்துப் பார்த்து, "சரியா இருக்குப்பா" என்றார். நோன்பு திறந்த முதல் வாயிலேயே எல்லோரும் முகம் சுளித்தார்கள்.

"நான்தான் பாய், கவனிக்காம வுட்டேன்" என்றார் இவர்.

ஜமாத் செயலாளர் முதஸ்ஸிர் விடவில்லை. "நாளைக்கு ஒரு நாள் காச்சு. அப்பால வேற ஆளப் பாத்துக்கறோம்."

வீட்டுக்கு வந்தவருக்குச் சோறு இறங்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "டீச்சர் சரின்னாங்கன்னு ஏன் சொல்லல? வாய்ல இன்னா கொழுக்கட்டையா?"

"அவங்க பேர இழுக்காத அஷ்ரஃபு" என்று படுத்துவிட்டார்.

மறுநாள் காலை டீச்சர் வீட்டுக்கே போய்விட்டேன். சண்டை போடத்தான் போனேன். நடந்ததைச் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது.

"போன மாசம் காய்ச்சல் வந்துச்சில்லமா, அதுலேர்ந்து நாக்குல ஒண்ணும் தெரியல. சொன்னா உஸ்மான் கிண்ணத்தோட வர்றது நின்னுடுமேன்னு பயந்துட்டேன்."

அல்லாவே! அதற்கு மேல் அவரிடம் நான் என்ன சண்டை போடுவது? எழுந்து வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் தூக்குவாளிகளோடு ஜனம் கஞ்சிக்கு நின்றுகொண்டிருந்தது. டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்து, அண்டாவுக்கு எதிரே, முதஸ்ஸிருக்கு முன்னால் நின்றார்.

"நான்தான்பா. நாக்கு செத்துப்போனத மறைச்சு, சரியா இருக்குன்னு சொன்னது நான்தான்."

முதஸ்ஸிர் தலையைக் குனிந்துகொண்டு, "கரண்டிய நீயே வச்சுக்க பாய்" என்று முணுமுணுத்தார். இவர் அதைக் காதில் வாங்கினாரா தெரியாது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, மூலையில் கிடந்த நாற்காலியை இழுத்து, தன் தோள் துண்டால் துடைத்துப் போட்டார்.

"சரி, உக்காருங்க டீச்சர்."