முதலில் ஓட்டுகிற கௌரவம்

போன வாரம் கடலூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா முழங்காலுக்கு வலித் தைலம் தேய்த்தார். பஸ்ஸே மூக்கைப் பொத்திக்கொண்டது. எனக்கும் குமட்டியது, ஆனால் காரணம் வேறு. ஊர் உலகம் தைலத்தைக் காலுக்குப் போடும். நான் ஒரு காலத்தில் பொம்மைக் காரின் சக்கரத்துக்குப் போட்டவள். போட்டால் ரப்பர் இளகி வளைவில் நன்றாகப் பிடிக்கும். சிரிக்காதீர்கள், அதற்கென்று ஒரு கிளப்பே இருந்தது.

அப்போது விருத்தாசலத்தில், ஃப்யூஸ் கட்டை செய்கிற ஒரு செராமிக் கம்பெனியில் எனக்கு பில் போடுகிற வேலை. எதைத் தொட்டாலும் வெள்ளை மண் தூசு. டிபன் பாக்ஸைத் திறந்து வைத்தால் தயிர்சாதம் எது, தூசு எது என்று தெரியாது. பக்கத்து ஷெட்டில்தான் கிளப். மங்கலம்பேட்டை ஜப்பார் பாய் துபாய் வேலையை முடித்துக்கொண்டு வந்தபோது, மற்றவர்களைப் போல டிவியும் தங்கமும் கொண்டுவராமல், பெட்டி நிறைய இந்தக் கார்களைக் கொண்டுவந்தார். அவர் வீட்டம்மா அவரோடு பேசாமல் இருந்தது தனிக் கதை.

ப்ளைவுட் பலகையில் ரோடு மாதிரி ஒரு பள்ளம் வெட்டி, இரண்டு பக்கமும் செம்புப் பட்டை ஒட்டியிருப்பார்கள். அதில் கரண்ட் வரும். உள்ளங்கை அளவு காரின் அடியில் இருக்கும் முளை அந்தப் பள்ளத்தில் உட்காரும். கையில் ஒரு விசை. அழுத்தினால் ஓடும், வளைவில் கூடுதலாக அழுத்தினால் கார் பறந்துபோய்ச் சுவரில் மோதும். இது ராலி என்பதால் ஒவ்வொருவராகத்தான் ஓட்டவேண்டும். யார் குறைந்த நேரத்தில் முடிக்கிறாரோ அவருக்கு ஜெயம். கவிழ்ந்த காரை வளைவில் நிற்பவர் எடுத்துவைக்கும் வரைக்கும் கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

ஷெட்டுக்குச் சொந்தக்காரர் சிகாமணிதான் தலைவர். வாழைக்காய் பஜ்ஜி தின்ற கையாலேயே என் காரை எடுத்துவைப்பார். எண்ணெய் பட்ட சக்கரம் எங்கே பிடிக்கும்? துடைத்துவிட்டு எடுங்கள் என்றால், விரலை ஒவ்வொன்றாக நக்கிக் காட்டுவார். இப்போது எழுதும்போதும் அருவருப்பாக இருக்கிறது.

ஆனால் சேர்ந்த அன்றைக்கு அவரைப் பெரிய மனிதர் என்றே நம்பினேன்.

"புதுசா வந்தவங்களுக்குத்தான் மொத ஓட்டம் பாப்பா. அது இந்த கிளப்போட கௌரவம்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். பரிவட்டம் கட்டாத குறைதான். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் வேறு பீற்றிக்கொண்டேன். அதற்குப் பிறகு பல மாதம் நான்தான் முதலில் ஓட்டினேன், நான்தான் கடைசியாக வந்தேன். என் கைதான் சரியில்லை என்று நினைத்து, ஆபீஸில் பில்லுக்கு நடுவே கட்டை விரலை மடக்கி மடக்கிப் பழகினேன். பக்கத்து மேஜைக்காரி சுளுக்கா என்று கேட்டாள்.

அந்தச் சமயத்தில் புதுச்சேரி கிளப் ஒன்று எங்களில் இரண்டு பேரை ராலிக்குக் கூப்பிட்டது. இங்கே ஒரு போட்டி வைத்து, முதல் இரண்டு பேரை அனுப்புவதாக முடிவானது. போயே தீரவேண்டும் என்று எனக்கு வெறி. வேலைக்குத் தவிர வேறு எதற்கும் ஊரைவிட்டுப் போகாதவள் நான்.

போட்டிக்கு முந்தைய வாரம், ஓட்டி முடித்த காரைத் திருப்பிப் பார்த்தேன். சக்கரம் விபூதியில் முக்கி எடுத்தது போல வெள்ளை. எனக்குப் பின்னால் ஓட்டிய ஜப்பார் பாயின் காரில் சக்கரம் கறுப்பாகவே இருந்தது.

"என் காரு மட்டும் ஏன் பாய் இப்பிடி இருக்குது?"

"கம்பெனித் தூசு ரோட்டுல படிஞ்சு கெடக்குதில்ல. மொதல்ல ஓடுற காரு அத அள்ளிக்கிட்டுப் போயிடும். பின்னால வர்றவங்களுக்கு ரோடு சுத்தமாயிடும்."

"அப்ப நான் யாரு பாய்?"

"தொடப்பம்" என்றார். "நீ வர்ற வரைக்கும் நான் இருந்தேம்மா. நீ வந்த, எனக்கு விடிஞ்சுது."

சிகாமணியின் எச்சில் விரல்கூட எனக்கு அவ்வளவு குமட்டவில்லை. காரைக் கொண்டுவந்த மனிதரையே துடைப்பமாக்கியிருக்கிறார்கள். அவரும் தன் தலை தப்பியது போதும் என்று என் முதல் நாளில் கை தட்டியிருக்கிறார்.

போட்டி அன்று சொன்னேன்: "சீட்டு குலுக்கலாங்க தலைவரே. இல்லன்னா நான் வூட்டுக்குப் போறேன்." ஜப்பார் பாய்தான், என் முகத்தைப் பார்க்காமல், பேப்பரைக் கிழித்துச் சீட்டு எழுதினார். முதல் சீட்டில் வந்தது சிகாமணியின் பெயர்.

அதுவரை கௌரவமாக இருந்தது அந்த நிமிடத்தில் அழுக்காகிவிட்டது. "ரோட்டத் தொடச்சிடுவோம்" என்று எழுந்தார். செராமிக் கம்பெனியைச் சுற்றிப் பிழைக்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. தூசைக் காய்ந்த துணியால் துடைக்கமாட்டார்கள், பறந்து நெஞ்சுக்குள் போகும் என்று ஈரத்துணிதான் போடுவார்கள். அவரும் ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தார். நானும் அந்தத் தூசில் பிழைத்தவள்தானே, எனக்கும் விபரீதம் தோன்றவில்லை. தூசு குழைந்து பள்ளத்தை அடைத்தது. செம்பு மேல் சுண்ணாம்பு அடித்தது போலப் பூசிக்கொண்டது. பலகை தண்ணீரைக் குடித்து உப்பியது. தலைவர் விசையை அழுத்த, கார் ஒரு தடவை உதறிவிட்டு நின்றுபோனது. கத்தியால் சுரண்டினார்கள், செம்புப் பட்டை கிழிந்து கையோடு வந்தது. போட்டி நடக்கவில்லை. புதுச்சேரிக்கும் யாரும் போகவில்லை.

"பொம்பளப் புள்ளயச் சேத்ததுதான் தப்பு" என்றார் தலைவர். பஜ்ஜி வந்தது, சாப்பிட்டார்கள்.

அடுத்த வாரம் ஷெட்டில் பூட்டு தொங்கியது. நான் வேலை மாறிப் போனேன். இப்போது அங்கே ஃப்ளெக்ஸ் அடிக்கிறார்கள். பலகைகள் யார் வீட்டு அடுப்புக்குப் போயினவோ. முறை வைத்துத் துடைப்பமாக இருக்கப் பயந்து ஒரு கிளப்பையே இழுத்து மூடியவர்களை நினைத்தால் இன்றும் காறித் துப்பத் தோன்றுகிறது.

சமீபத்தில் ஜங்ஷனில் ஜப்பார் பாயைப் பார்த்தேன். நரைத்துவிட்டார். ரயில் வரும்வரை பேசிக்கொண்டிருந்துவிட்டு, "நீ நல்லா ஓட்டுவம்மா" என்றார்.

அவருக்கு எப்படித் தெரியும்? சுத்தமான ரோட்டில் நான் ஒரு தடவைகூட ஓட்டியதில்லை. எனக்கே தெரியாது.